ஆப்பிரிக்க ஆய்வறிக்கைகள் இணையத்தில் எப்படிப் பிழைக்கின்றன?

1965இல் கென்ய அரசு 'செஷனல் பேப்பர் எண் 10' என்று ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. விடுதலை கிடைத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. டாம் எம்போயா அமைச்சராக இருந்த பொருளாதாரத் திட்டத் துறையிலிருந்து வந்த அந்த ஆவணத்தில் 133ஆம் பத்தி கொஞ்சம் விவகாரமானது. மொத்த உற்பத்தி வேகமாக வளர வேண்டுமானால், நல்ல மண்ணும் மழையும் போக்குவரத்தும் மின்சாரமும் ஏற்கெனவே இருக்கிற பகுதிகளில்தான் பணத்தைப் போட வேண்டும் என்கிறது அது. வறண்ட வட கென்யா பல பத்தாண்டுகள் பின்தங்கிக் கிடந்ததைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்தியில் வந்து முட்டிக்கொள்வார்கள். 2010இல் வந்த புதிய அரசியல் சட்டம், இப்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குக் குடிநீரும் சாலையும் மருத்துவமும் மின்சாரமும் கொண்டுபோக, நாட்டு வருவாயில் அரை சதவீதத்தைத் தனி நிதியாக எடுத்து வைத்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் ஒரு பத்திக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஆவணம் வந்த சூட்டோடு அதை விமர்சித்து ஒரு கட்டுரையும் வந்தது. நைரோபியில் வெளியான 'ஈஸ்ட் ஆப்பிரிக்கா ஜர்னல்', 1965 ஜூலை இதழ். எழுதியவர் பராக் எச். ஒபாமா, பின்னாளில் அமெரிக்க அதிபரானவரின் தகப்பனார். மகன் 2008இல் தேர்தலில் நின்றபோதுதான் ஆளாளுக்கு அந்தக் கட்டுரையைத் தேடினார்கள். இதழ் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆனாலும் கட்டுரை கிடைத்துவிட்டது. அச்சிட்ட காலத்தில் பிரதிகள் வெளிநாட்டு நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. யாரும் சீண்டாமல் அடுக்கில் கிடந்த ஒரு பிரதியை எடுத்து ஸ்கேன் செய்தார்கள், அவ்வளவுதான். யாரும் திட்டம் போட்டுப் பாதுகாக்கவில்லை. அச்சு என்ற தொழில்நுட்பமே பிரதிகளைச் சிதறடித்துவிடும், பாதுகாப்பு அதிலேயே நடந்துவிடும்.

இணையத்தில் இது தலைகீழ். ஆயிரம் பேர் படித்தாலும் கோப்பு இருப்பது பெரும்பாலும் ஒரே சர்வரில். ஆசிரியர் ஓய்வுபெறுகிறார், அடுத்து வந்தவருக்குக் கடவுச்சொல் தெரியவில்லை, டொமைன் கட்டணம் ஒரு வருடம் கட்டாமல் போகிறது. சரி, கதை முடிந்தது. அந்த முகவரியை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள். 2000க்கும் 2019க்கும் இடையே உலகம் முழுக்க 170க்கும் மேற்பட்ட திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து மறைந்துபோனதாக ஓர் ஆய்வு கணக்கெடுத்துச் சொன்னது. சின்ன நிறுவனங்கள் தங்கள் கைக்காசில் நடத்திய இதழ்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆப்பிரிக்காவில் கொள்கை ஆய்வின் பெரும்பகுதி அப்படிப்பட்ட கைகளில்தான் இருக்கிறது.

ஏன் அப்படி என்றால், வேறு வழி இல்லாததால். பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்களில் ஒரு கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட எழுதியவரிடமே கட்டணம் கேட்பார்கள். 'நேச்சர்' இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எல்லா இதழும் அவ்வளவு கேட்பதில்லை என்றாலும், அதில் கால்வாசிகூட லுசாகாவிலோ அக்ராவிலோ இருக்கும் ஒரு விரிவுரையாளருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சொந்த ஏற்பாடுகள் உருவாயின. செனகல் தலைநகர் டாக்கரில் 1973இல் தொடங்கிய கோடெஸ்ரியா என்ற ஆய்வு அமைப்பு, சமூக அறிவியல் ஆய்வுகளைத் தானே இதழ்களாகவும் நூல்களாகவும் பதிப்பிக்கிறது. 'ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்' 1998இல் இங்கிலாந்திலிருந்து ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2005இல் தென்னாப்பிரிக்காவுக்கு இடம் மாறியது. இன்று நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க இதழ்கள் அந்த ஒரே மேடையில் கிடைக்கின்றன. தனித்தனி இதழ்களோ 'ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்ற இலவச மென்பொருளில் ஓடுகின்றன. கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய திட்டத்தில் உருவானது அது. கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, இதழாகக் கட்டி வெளியிடுவது எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

வெளியிடுவது எளிதாகிவிட்டது. வெளியிட்டதை அழியாமல் வைத்திருப்பது வேறு வேலை, அதற்கு வேறு இயந்திரங்கள் வேண்டும்.

முதலாவது, முகவரி. ஒரு கட்டுரையின் இணைய முகவரி என்பது உண்மையில் அது இருக்கும் சர்வரின் முகவரி. சர்வர் மாறினால் பழைய லிங்க் செத்துவிடும். இதற்காகத்தான் டிஓஐ என்ற எண் வந்தது. ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைனில் சில கட்டுரைகளைத் திறந்து பாருங்கள், பலவற்றில் 10.4314 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். சாய்வுக்கோட்டுக்கு முன்னால் இருப்பது பதிவு செய்த அமைப்பின் எண், பின்னால் இருப்பது அந்தக் கட்டுரைக்கு மட்டும் உரியது. இந்த எண்ணைச் சொடுக்கினால் நேராகக் கட்டுரைக்குப் போகாது. நடுவில் ஒரு பொதுப் பதிவேட்டிடம் போய், 'இந்த எண்காரர் இப்போது எங்கே குடியிருக்கிறார்?' என்று கேட்கும். பதிவேட்டில் அன்றைக்கு எந்த முகவரி இருக்கிறதோ அங்கே அனுப்பி வைக்கும். இதழ் நாளைக்கு வேறு சர்வருக்குப் போனால் பதிவேட்டில் ஒரு வரியை மாற்றினால் போதும். உலகம் முழுக்க அடிக்குறிப்புகளில் அச்சாகிக் கிடக்கிற எண்கள் அப்படியே வேலை செய்யும்.

ஆனால் டிஓஐ வாங்கிவிட்டால் கட்டுரை பத்திரம் என்று ஆசிரியர்கள் பலர் நம்புவதுதான் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த பெரிய மூடநம்பிக்கை. குடியிருப்பவரே காலி செய்துவிட்டால் பதிவேடு என்ன செய்யும்? 2024இல் வெளியான ஓர் ஆய்வில் டிஓஐ உள்ள 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சோதித்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை, அதாவது சுமார் 28 சதவீதம், பெரிய காப்பகம் எதிலும் இல்லை. எண் இருக்கிறது, காப்புப் பிரதி இல்லை.

ஆகவே இரண்டாவது இயந்திரம், பிரதிகள். 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 'லாக்ஸ்' என்ற மென்பொருள் உருவானது. நிறைய பிரதி வைத்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்பதே அந்தப் பெயரின் விரிவு. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நூலகங்கள் ஆளுக்கொரு கணினியில் ஒரே இதழின் பிரதியை வைத்துக்கொள்ளும். இதுவரை சாதாரண விஷயம்தான். சுவாரசியம் அப்புறம்தான் தொடங்குகிறது.

வன்தட்டில் சும்மா கிடக்கும் கோப்பும் கெடும். எங்கோ ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டுவிடும், யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்துத் திறந்தால் ஓர் அட்டவணையில் எண்கள் மாறியிருக்கும், அல்லது கோப்பே திறக்காது. பத்துப் பிரதிகளில் எது சரியானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் படிக்க முடியாது. இதற்கு ஹாஷ் என்ற கணக்கு உதவுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை எஸ்ஹெச்ஏ-256 போன்ற ஒரு சூத்திரத்தில் செலுத்தினால் 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் கிடைக்கும். முந்நூறு பக்க அறிக்கையில் ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டால் போதும், சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஆக, கோப்புகளை ஒப்பிட வேண்டாம், சரங்களை ஒப்பிட்டால் போதும்.

இதை வைத்து லாக்ஸ் கணினிகள் அவ்வப்போது தங்களுக்குள் தேர்தல் நடத்துகின்றன. ஒரு கணினி மற்றவற்றிடம், 'உன்னிடம் இருக்கும் பிரதியின் ஹாஷ் என்ன?' என்று கேட்கும். பழைய விடையை எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிக்கக் கூடாதே, அதற்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. கேட்கும்போதே புதிதாக ஒரு தற்போக்கு எண்ணையும் சேர்த்து அனுப்பும். அந்த எண்ணையும் கோப்பையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். கோப்பை அந்த நேரத்தில் முழுசாகப் படித்துப் பார்க்காமல் பதில் சொல்லவே முடியாது. பதில்கள் வந்தபின், பெரும்பான்மை ஒரு பக்கம் இருந்து கேட்டவருடைய பிரதி மட்டும் மாறுபட்டால், அது தன்னுடையதுதான் கெட்டது என்று ஒப்புக்கொண்டு மற்றவர்களிடமிருந்து நல்ல பிரதியை வாங்கிச் சரிசெய்துகொள்ளும். தலைமை அலுவலகம் கிடையாது. யாரிடமும் 'அசல்' கிடையாது. பெரும்பான்மைதான் அசல். அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஓர் அறிக்கையை ஒரு நூலகத்தில் புகுந்து திருத்தினாலும், அடுத்த வாக்கெடுப்பில் அது பழையபடி ஆகிவிடும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம்.

ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் நடத்துபவர்கள் இதே முறையில் ஒரு காப்பு வலையமைப்பை 2016இல் தொடங்கினார்கள். அந்த மென்பொருளில் ஓடும் இதழ்களுக்குக் கட்டணம் இல்லை. இதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்ற பன்னாட்டு அடையாள எண் இருக்க வேண்டும், ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். ஆசிரியர் ஒரு செருகுநிரலை இயக்கிவிட்டு விதிமுறைகளுக்குச் சம்மதம் சொன்னால் போதும், புதுக் கட்டுரைகள் தானாகவே நூலகக் கணினிகளுக்குப் போய்ச் சேரும். இதழ் நின்றுபோய்த் தொடர்புக்கும் யாரும் கிடைக்கவில்லை என்றால், காப்பில் இருப்பதை எடுத்துப் பொதுவில் வைப்பார்கள்.

பிரதிகள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலைச் சரிவில் பிடித்த தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி ஜாகர் நூலகத்தை எரித்தது. தீத்தடுப்புக் கதவுகள் மூடிக்கொண்டதால் நிலவறையில் இருந்த தொகுப்புகள் நெருப்பிலிருந்து தப்பின, ஆனால் தீயணைத்த தண்ணீர் உள்ளே புகுந்தது. தன்னார்வலர்கள் வரிசையாக நின்று ஈரப்பெட்டிகளைக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். ஆப்பிரிக்க ஆய்வுத் தொகுப்பின் அச்சு நூல்களில் சுமார் 70,000 போயே போய்விட்டன.

அப்படியானால் எல்லாவற்றையும் ஐரோப்பிய சர்வரில் ஏற்றிவிடலாமே? 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் அருகே கடலடியில் நான்கு கேபிள்கள் ஒரே நேரத்தில் பழுதாயின. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இணையம் முடங்கியது. கானாவைப் பற்றிய ஆய்வு லண்டன் சர்வரில் பத்திரமாகவே இருந்தாலும், அக்ராவில் இருப்பவருக்கு அன்றைக்கு அது இல்லாததற்குச் சமம். உள்ளூரில் ஒன்று, வெளியூரில் சில என்றுதான் இதைப் பிரிக்க வேண்டும்.

பணம் கொடுப்பவர் ஒருவராகவே இருப்பதும் இடம் ஒன்றாக இருப்பது போன்ற ஆபத்துதான். எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985இல் அமெரிக்க உதவி நிறுவனம் 'ஃப்யூஸ் நெட்' என்ற பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. மழை, விளைச்சல், சந்தை விலை ஆகியவற்றை வைத்து எங்கே பசி வரப்போகிறது என்று கணித்துச் சொல்லும். 2025 ஜனவரி இறுதியில் வாஷிங்டனில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அந்தத் தளமே இருண்டுபோனது. மாதக்கணக்கில் கழித்துத்தான் மீண்டும் வந்தது. சோமாலியாவின் சந்தை விலை பற்றிய பழைய அறிக்கையைப் படிக்க அமெரிக்க பட்ஜெட்டின் தயவு வேண்டியிருந்தது. சுதந்திரப் பதிப்பு என்று சொல்லும்போது கருத்துச் சுதந்திரத்தை மட்டும் நினைக்கிறோம். மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதும் அதில் சேர்த்தி.

மூன்றாவது, விவரக் குறிப்பு. கோப்பு பத்திரமாக இருந்தாலும் தேடினால் வர வேண்டும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் என்ற மீத்தரவை, ஆய்வுகளைச் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு இணையக் களஞ்சியமும் ஒரே வடிவத்தில் எழுதி வைக்க, 'டப்ளின் கோர்' என்ற பதினைந்து புலங்கள் கொண்ட ஏற்பாடு உண்டு. அந்தக் குறிப்புகளை மட்டும் இன்னொரு கணினி வந்து அள்ளிக்கொண்டு போகவும் ஒரு பொது நெறிமுறை இருக்கிறது. நைரோபி களஞ்சியத்தில் இருப்பது வெளிநாட்டுத் தேடுதளத்தில் தட்டுப்படுவது இதனால்தான். இதில் ஒரு பெயர் பிசகினால் எல்லாம் பிசகும். ஒபாமாவின் 1965 கட்டுரையிலேயே 'பராக்' என்ற பெயர் ஆங்கிலத்தில் 'சி' எழுத்து விடுபட்டு அச்சாகியிருக்கிறது. கணினிக்கு அவர் வேறு ஆள். ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்ற தனி எண் 2012இல் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான்.

எழுத்துருவும் இப்படியே. எத்தியோப்பிய எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 1999இல். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த அம்ஹாரிக் கோப்புகள் இன்று திறந்தால் என்ன ஆகும் என்பதை, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பைத் திறந்து பார்த்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே புதைத்து வைக்கும் 'பிடிஎஃப்-ஏ' வடிவத்தில் சேமித்தால், கண்ணால் படிப்பதற்காவது எழுத்து உருக்குலையாது.

இத்தனை ஏற்பாட்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன காப்பு வலை ஐஎஸ்எஸ்என் உள்ள இதழ்களுக்குத்தான். ஆப்பிரிக்கக் கொள்கை ஆய்வில் நிறையப் பங்கு இதழ்களில் வருவதே இல்லை. உதவி நிறுவனமோ அமைச்சகமோ கேட்டு எழுதிக் கொடுத்த ஆலோசனை அறிக்கைகள், கருத்தரங்கத் தாள்கள், பணித் தாள்கள் என்று எண்ணும் இல்லாமல் முகவரியும் இல்லாமல் ஒருவருடைய மடிக்கணினியில் கிடக்கும். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றினால் அங்கேயே நிலையான முகவரி கிடைத்துவிடும், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் ஒரு பிரதி போட இரண்டு நிமிடம் போதும். தொழில்நுட்பம் இங்கே தடை இல்லை. அறிக்கையின் உரிமை காசு கொடுத்தவருக்கே என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும், எழுதியவரால் அதை எங்கேயும் ஏற்ற முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, இத்தனை மாதம் கழித்து ஒரு பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம் என்று ஒரு வரி கேட்டு வாங்கிவிட வேண்டும். வேலை முடிந்து பணமும் வந்தபின் கேட்டால், அந்தக் கடிதத்துக்குப் பதில் வருவது சந்தேகம்தான்.