கறியைத் தொடாத ஆயாவுக்கு ஏன் வயிற்றுப்போக்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வியாசர்பாடியில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கல்லூரியில் படிக்கும் பேரன், பள்ளியில் படிக்கும் அவனுடைய தங்கை, எழுபது வயதைத் தாண்டிய ஆயா. மூவருக்கும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிவயிற்றைப் பிசையும் வலி. பிள்ளைகள் இருவரும் நடந்து வந்துவிட்டார்கள். ஆயாவை ஆட்டோவிலிருந்து இருவர் தாங்கிப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. கையில் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை என்றார். (அவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பேரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டில் அன்று அவன்தான் சமையல். செல்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து மெக்சிகோ நாட்டுப் பண்டமான டாக்கோ செய்திருக்கிறான். அரைக் கிலோ மாட்டுத் தொடைக்கறியை வாங்கி வந்து, மசாலா இறங்கட்டும் என்று முள்கரண்டியால் குத்தி, உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவியிருக்கிறான். பிறகு காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால்தான் ஸ்டேக் (முழுத் துண்டாகச் சுடும் கறி) என்று அந்தக் காணொளியில் சொன்னார்களாம். வெண்ணெய்ப்பழத்தை (அவகாடோ) மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி சேர்த்து ஒரு பச்சைச் சட்னி. எல்லாவற்றையும் மக்காச்சோள ரொட்டியில் வைத்து மடித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"ஆனால் ஆயா கறியே சாப்பிடவில்லை டாக்டர். அவங்களுக்குப் பல் இல்லை. மெத்தென்று இருக்கிறது என்று அந்தச் சட்னியை மட்டும் ரொட்டியில் தடவிக் கொடுத்தேன்."

"சட்னிக்கான வெங்காயத்தை எதில் வெட்டினாய் தம்பி?"

"கறி வெட்டின பலகையில்தான். தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வெட்டினேன்."

ஆயாவை அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். மலத்தைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்ததில் சால்மொனெல்லா கிருமி வளர்ந்தது. மூவரும் பிழைத்து எழுந்தார்கள். ஆனாலும் 'ஆயா கறியே சாப்பிடவில்லை' என்று அந்தப் பையன் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஒரே பலகை, ஒரே கத்தி, சில வீடுகளில் ஒரே அரிவாள்மனை. கறியையும் அதில்தான் நறுக்குகிறோம், தக்காளியையும் அதில்தான் நறுக்குகிறோம். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் பலகை அல்ல, அடுப்பு. அந்தக் கறியும் தக்காளியும் வெங்காயமும் கடைசியில் ஒரே சட்டியில் விழுந்து அரைமணி நேரம் கொதிக்கின்றன. பலகையில் என்ன ஒட்டியிருந்தாலும் குழம்பின் கொதியில் செத்துப்போகிறது. நம் சமையலின் பாதுகாப்பு முழுவதும் அந்தக் கொதியில்தான் இருக்கிறது. டாக்கோவில் அது கிடையாது. வெண்ணெய்ப்பழமும் வெங்காயமும் கொத்தமல்லியும் பச்சையாகவே வாய்க்குப் போகின்றன. பழக்கம் பழையது, பண்டம் புதியது. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் ஆயா விழுந்தார்.

ஓர் ஊர் உணவு இன்னோர் ஊருக்குப் போகும்போது பொருள்கள் போய்ச் சேர்ந்துவிடும், செய்முறையில் ஒரு படி பின்தங்கிவிடும். மக்காச்சோளமே இதற்குச் சான்று. மெக்சிகோவில் டாக்கோவுக்கான ரொட்டியை டோர்ட்டியா என்கிறார்கள். அதற்காக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, தோல் போகக் கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு உடையாமல் சேர்ந்து வரும். அந்தத் தானியத்திலுள்ள நயசின் என்ற வைட்டமினும் அப்போதுதான் உடலுக்குக் கிடைக்கும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதை மட்டுமே உண்டு வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் நாட்டு ஏழைகளுக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்தவர்களுக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, மனம் பேதலித்துப் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். பலவகை உணவு உண்ணும் நமக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆனால் பின்தங்கிய ஒரே ஒரு படி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

ஸ்டேக்கும் அப்படித்தான் இங்கே வந்திருக்கிறது. வெட்டாத, குத்தாத முழுக் கறித்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். மேலே நன்றாகச் சுட்டால் அவை செத்துவிடும், நடுப்பகுதி சற்றுச் சிவப்பாக இருந்தாலும் ஆபத்து குறைவு. நடுவில் சிவப்பாக விடும் வழக்கத்துக்கு இதுதான் அடிப்படை. அங்கேகூடக் கறியின் நடுவில் வெப்பமானியைச் செருகி 63 டிகிரி செல்சியஸ் வந்ததைப் பார்த்து, அடுப்பிலிருந்து எடுத்து மூன்று நிமிடமாவது வைத்திருந்து சாப்பிடும்படி அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. கொத்துக்கறி என்றால் 71 டிகிரி. மேற்பரப்பும் உட்புறமும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் அந்தக் கூடுதல். அந்தப் பையன் முள்கரண்டியால் குத்தியபோது மேலே இருந்த கிருமியை அவனே உள்ளே இறக்கிவிட்டான். அந்தக் கறி குளிர்பெட்டியைப் பார்க்காமல், விடியற்காலையிலிருந்து கடை மரக்கட்டையின்மேல் பல துண்டுகளோடு உரசிக் கிடந்த கறி. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் காலையில் வெட்டி மதியத்துக்குள் விற்றுத் தீரும் கறி அது, நம் சுக்காவுக்கும் பிரியாணிக்கும் அது போதும். பாதி வேக்காட்டில் தின்பதற்கு அது ஏற்றதல்ல. மாட்டுக்கறி சரியாக வேகாவிட்டால் நாடாப்புழுவும் வரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் தெருக்கடைகளில் டாக்கோவுக்கான மாட்டுக்கறியை மெல்லியதாக அரிந்து, தணலில் பெரும்பாலும் முழுதாகவே வேகவைத்து, பொடியாகக் கொத்தித்தான் வைக்கிறார்கள். நடுவில் சிவப்பு என்பது ஸ்டேக் விடுதிகளின் வழக்கம். டாக்கோவுக்கு அது தேவையே இல்லை.

இதைப் படித்துவிட்டு, இனி வீட்டில் இந்த வேலையெல்லாம் கூடாது என்று பிள்ளைகளை அடக்க நினைக்கும் பெற்றோரிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், தடுக்காதீர்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் நுழைந்து ஆயாவுக்கும் தங்கைக்கும் சமைத்துப் போட்டது அருமையான செயல். வடசென்னைக்கு வெளியூர்ப் பண்டம் புதிதும் அல்ல. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டத்தை இன்று பாரிமுனையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், வெண்ணெய்ப்பழம் நான்கும் மெக்சிகோ பக்கத்திலிருந்து உலகுக்குப் போனவை. மாடும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் ஸ்பானியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை. சத்திலும் குறையில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. மாட்டுக்கறியில் உடல் எளிதாக உறிஞ்சும் வகை இரும்பும் பி12 வைட்டமினும் இருக்கின்றன. என்னிடம் வரும் பல பெண்களுக்கு மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆகவே என் வீட்டில் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் பச்சைச் சட்னி. கறிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே இதை முடித்து மூடி வைத்துவிட வேண்டும். வெண்ணெய்ப்பழத்தின் தோலைத்தான் தின்னப்போவதில்லையே என்று கழுவாமல் வெட்டுகிறோம். கத்தி தோலைக் கடந்துதான் சதைக்குள் போகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த வெண்ணெய்ப்பழத் தோல்களில் 17 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா கிருமி இருந்தது. கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய கிருமி அது. குழாய் நீரில் தோலைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். எலுமிச்சை பிழிந்தால் பழம் கறுக்காமல் இருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சை கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்து ரொட்டி. மக்காச்சோள மாவும் கோதுமை மாவும் சம அளவு, கொஞ்சம் உப்பு, கொதிக்கும் நீர். வெள்ளையாக வழவழவென்று இருக்கும் கார்ன்ஃபிளார் வேறு பொருள், அதில் ரொட்டி வராது. சுண்ணாம்பு போடாத நம் ஊர் மாவு தனியாக நிற்காது என்பதால்தான் கோதுமை.

கறியில்தான் நான் மெக்சிகோவை விட்டு வடசென்னைக்குத் திரும்புகிறேன். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் முற்றிய கறி, நான்கு நிமிடச் சூட்டில் செருப்புத் தோல்போல ஆகிவிடும். இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சீரகம், உப்பு சேர்த்துக் குக்கரில் ஆறு ஏழு விசில் விடுங்கள். வெந்ததை எடுத்து நார்க்குறுக்காக மெல்லியதாக அரிந்து, இரும்புக் கல்லில் துளி எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓரம் கருகும்வரை வாட்டுங்கள். குக்கரில் மிஞ்சிய சாற்றையும் மேலே தெளித்து வற்றவிடுங்கள். சுக்காவின் மணமும் தணலில் சுட்ட சுவையும் சேர்ந்து வரும். இதை ஸ்டேக் என்று ஒரு சமையல்காரரும் ஒத்துக்கொள்ளமாட்டார். பல் இல்லாத ஆயாவும் மென்று சாப்பிடலாம், எனக்கு அதுதான் முக்கியம். பிள்ளைகள் பச்சைக்கறியைக் கல்லில் சுட்டே தீருவேன் என்றால் குத்தாமல், மெல்லிய துண்டாக, சிவப்புச் சாறு நின்று உள்ளே முழுதும் நிறம் மாறும்வரை சுடட்டும். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் வெப்பமானி வாங்கி 71 டிகிரி பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

பச்சைக்கறிக்கென்று ஒரு பலகை, ஒரு கத்தி தனியாக வையுங்கள். முடியாவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றிக் காயவிடுங்கள். தண்ணீரில் அலசுவது போதாது. கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்திலிருக்கும் தட்டுகள்வரை போகிறது. கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் நீர் விட்டு மெதுவாகக் கழுவி, பிறகு தொட்டியையும் கழுவுங்கள். பச்சைக்கறி ஊறிய மசாலாவை வெந்த கறிமேல் ஊற்றாதீர்கள். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் ஆண்டில் பாதி நாள் பகலில் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான்.

சிறுநீரகக் கோளாறுக்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: 100 கிராம் வெண்ணெய்ப்பழத்தில் சுமார் 485 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் மருந்துக்கடைக்குப் போய் 'நிற்க ஒரு மாத்திரை' கேட்காதீர்கள். மலத்தில் இரத்தம் இருக்கும்போது அந்த மாத்திரை நோயை மோசமாக்கும். சில வகை ஈ.கோலி கிருமியால் வரும் இரத்தக் கழிச்சல் குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். முதல் வேலை உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய அளவு. மலத்தில் இரத்தம், தணியாத காய்ச்சல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் தலைசுற்றல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். முதியவர், குழந்தை, கர்ப்பிணி, நீரிழிவுக்காரர் என்றால் முதல் நாளே வந்துவிடுங்கள். ஆயாவை ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் மருத்துவமனைப் படுக்கை தேவைப்பட்டிருக்காது.

இரண்டு மாதம் கழித்து இரத்த அழுத்த மாத்திரைக்காக ஆயா வந்தார், பேரன் கூடவே வந்திருந்தான். அந்தப் பச்சைச் சட்னியை மறுபடி கேட்கிறார், கொடுக்கலாமா என்றான். கொடு, ஆனால் கறி வாங்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே அரைத்து அவருடைய கிண்ணத்தில் போட்டுவிடு என்றேன்.