பழைய தரச்சான்று நாணயத்தை மீண்டும் தரப்படுத்த அனுப்பலாமா?

கண்டி, அட்டன் பக்கங்களிலிருந்து பழைய நாணயங்களை மதிப்பிடக் கொண்டுவருவோர் சிலரிடம், வெளிநாட்டு உறவினர் மூலம் முன்னர் தரப்படுத்தி (அதாவது, நிலையைப் பார்த்து ஒரு நிறுவனம் மதிப்பெண் போட்டு), பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வாங்கிய நாணயங்களும் இருக்கின்றன. ‘அந்தக் காலத்தில் இறுக்கிப் பிடித்துத்தான் மதிப்பெண் போட்டார்கள், இப்போது அனுப்பினால் கூடும்’ என்று எவரோ சொல்லியிருப்பார். பெரும்பாலானோருக்கு என் பதில், பெட்டியில் கைவைக்க வேண்டாம் என்பதே.

அந்தப் பேச்சு முழுப் பொய்யும் அல்ல. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய, நாணயம் தரப்படுத்தும் அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கிய காலத்தில், 1 முதல் 70 வரையான அளவுகோலைச் சற்றுக் கண்டிப்பாகவே கையாண்டார்கள் என்று சேகரிப்பாளர் பலர் கருதுகிறார்கள். ஒரே மதிப்பெண்ணுக்குள் மேலான நாணயத்தைக் காட்ட 2010இல் வந்த ‘பிளஸ்’ தரம் அதற்கு முன் எவருக்கும் கிடைத்திருக்க வழியில்லை. ஆனால் அதே நம்பிக்கையால்தான் பழைய பெட்டிக்கே தனி விலை கொடுப்போரும் இருக்கிறார்கள். உடைத்துவிட்டால் அந்த விலையும் பழைய சான்றும் சேர்ந்தே போய்விடும். அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால், பெட்டிக்குள் வைத்தபடியே பார்த்து, தரம் உயர்ந்தால் மட்டும் பிரிக்கும் சேவை பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தில் உண்டு, அதைக் கேளுங்கள்.

மலையகத்தில் இதைவிடப் பெரிய கேள்வி ஈரம். அந்தப் பெட்டிகள் காற்றுப் புகாதவை அல்ல. நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ மரப்பெட்டிக்குள் பல மழைக்காலங்களைக் கடந்த 1870ஆம் ஆண்டுச் செப்பு ஐந்து சதம், சான்றில் ‘சிவப்பு’ (புதுச் செம்பின் நிறம் மாறாதது) என்றிருந்தாலும் இன்று பழுப்பாகியிருக்கலாம், ஓரத்தில் பச்சைப் புள்ளியும் விழுந்திருக்கலாம். மீண்டும் தரப்படுத்துவோர் பார்ப்பது இன்றைய நாணயத்தையே. ஆகவே வெயில் வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். புள்ளி தெரிந்தால், உயர்வைப் பற்றிய பேச்சை விட்டு, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவுக்குள் அதை மாற்றுங்கள்.

பாட்டியின் காசுமாலையில் இருந்த விக்டோரியா வெள்ளி ரூபாய்களின் கதை வேறு. கொக்கி பற்றவைத்த தடம் விளிம்பில் இருந்தால், எத்தனை முறை அனுப்பினாலும் எண் தரம் கிடைக்காது. ‘நகையில் இருந்தது’ போன்ற குறிப்போடுதான் திரும்பும். அந்தத் தடத்தை அரம் போட்டுத் தேய்த்துத் தரும் பட்டறைகளும் உள்ளன (எனக்குக் கோபம் வரும் இடம் இது). தேய்த்த விளிம்பு தரப்படுத்துவோர் கண்ணுக்குத் தப்புவதில்லை, இருந்த மதிப்பும் அதனால் குறைகிறது.

செலவுக் கணக்கு எளிது: கட்டணம், இருவழி அஞ்சல், காப்புறுதி, முகவரின் பங்கு ஆகிய நான்கையும் கூட்டி, ஒரு படி உயர்ந்தால் கிடைக்கும் விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். தேய்ந்த 1862ஆம் ஆண்டு ரூபாய்க்கு அந்த வித்தியாசம் அஞ்சல் செலவுக்கே போதாது. 1821ஆம் ஆண்டு வெள்ளி இறைசால் (ரிக்ஸ் டாலர் எனப்பட்ட பழைய இலங்கை நாணயம்) நல்ல நிலையில் இருந்தால் யோசிக்கலாம்.

அதற்கும் முந்திய டச்சுத் துட்டு, சோழர் காசு போன்றவற்றைத் தபாலில் போடுமுன் சட்டத்தைப் பாருங்கள். கண்டி உடன்படிக்கை நாளான 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் இலங்கைச் சட்டப்படி தொல்பொருட்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் முன்பே தரப்படுத்தியதாக இருந்தாலும், அது எப்போது எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கான பற்றுச்சீட்டுடன் முதலில் அந்தத் திணைக்களத்திடம் கேளுங்கள்.