வைரஸ் அடங்கிவிட்டது, மூச்சு மட்டும் ஏன் வாங்குகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “அண்ணன் பல வருஷமாக எச்.ஐ.விக்கு ஏ.ஆர்.டி என்ற வைரஸ் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) ரிப்போர்ட்டில் ‘கண்டறிய இயலாத அளவு’ என்றுதான் வருகிறது. ஆனால் இரண்டு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். உடற்பயிற்சி செய்யச் சொன்னால், இருக்கிற எதிர்ப்பு சக்தியும் போய்விடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். அது உண்மையா?”

உண்மையில்லை. அண்ணன் தாராளமாகப் பயிற்சி செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதற்கான காரணம், ‘உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது’ என்று எல்லோரும் சொல்லும் பொதுப்பேச்சைவிடப் பல மடங்கு சுவாரசியமானது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். எச்.ஐ.வி வைரஸ் சிடி4 என்ற வெள்ளணுக்களுக்குள் புகுந்து, தன்னைப் பெருக்கிக்கொண்டு, அவற்றை அழிக்கிறது. 1996 வாக்கில் வந்த கூட்டு மருந்துகள் அந்தப் பெருக்கத்தை நிறுத்தின. மாத்திரையை ஒழுங்காக எடுத்து வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குப் போய்விட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. உலகத்தில் இன்று 4 கோடிக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வியுடன் வாழ்கிறார்கள், 3 கோடிக்கும் மேற்பட்டோர் மருந்து எடுக்கிறார்கள். அவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி வாழ்கிறார்கள். ஒருகாலத்தில் யாரும் எதிர்பார்க்காத சங்கதி இது. அதனால்தான் ‘எத்தனை நாள் உயிரோடு இருப்பார்’ என்ற கேள்வி போய், ‘மாடி ஏற முடிகிறதா’ என்ற கேள்வி வந்திருக்கிறது.

சரி, வைரஸ் அடங்கிய பிறகும் ஏன் களைப்பு?

ஒரு காரணம் பழைய மருந்துகள். ஸ்டாவுடின், டிடனோசின் போன்ற முதல் தலைமுறை மாத்திரைகள் வைரஸின் நகலெடுக்கும் நொதியைத் தடுத்ததோடு நிற்கவில்லை. நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் டி.என்.ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் காமா என்ற நொதியையும் தடுத்தன. மைட்டோகாண்ட்ரியா குறைந்தால் தசைக்கு ஆற்றல் குறையும். ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது. ஆனால் அதற்கு முன்பு வருஷக்கணக்கில் விழுங்கியவர்களில் பலருக்குக் காலில் மரத்துப்போதலும் எரிச்சலும் இன்னும் மிச்சமிருக்கின்றன.

இன்னொரு காரணம் குடலில் இருக்கிறது. நோயெதிர்ப்பு என்றதும் நமக்கு ரத்தம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் சிடி4 செல்களின் பெரும்படை குடல் சுவரில்தான் முகாமிட்டிருக்கிறது. எச்.ஐ.வி தொற்றிய முதல் சில வாரங்களிலேயே அந்த முகாம் சூறையாடப்படுகிறது. மாத்திரை ஆரம்பித்த பிறகு ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை ஏறுவதைப் போலக் குடலில் முழுசாக மீள்வதில்லை. சுவர் கசிகிறது. குடல் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து உதிரும் துணுக்குகள் ரத்தத்துக்குள் வருகின்றன. இந்தத் துணுக்குக்கு எண்டோடாக்சின் என்று பெயர். பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வரும். எச்.ஐ.வி உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தக் கசிவின் தடயத்தை அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வுக்குழு 2006இல் காட்டியது.

பாக்டீரியாத் துணுக்கைக் கண்ட வெள்ளணுக்கள் சும்மா இருக்குமா? டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 என்று அழற்சிச் சமிக்ஞைகளை ரத்தத்தில் கொட்டுகின்றன. அதுவும் ஒருநாள் இருநாள் அல்ல, வருஷக்கணக்கில், தணிந்த தீயாக. இந்த நாள்பட்ட அழற்சி ரத்தக்குழாயைக் கெடுக்கிறது, தசையைக் கரைக்கிறது, களைப்பைத் தருகிறது. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அதிகம் இருப்பவர்களுக்கு மரண ஆபத்தும் அதிகம் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆக, இன்டர்லூக்கின்-6 வில்லன். அப்படித்தானே?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை வருகிறது. உடற்பயிற்சி செய்கிறவர்களின் ரத்தத்தைச் சோதித்தால், அதே இன்டர்லூக்கின்-6 எகிறி நிற்கிறது! மாரத்தான் மாதிரி நீண்ட ஓட்டத்தில் 100 மடங்கு வரைகூடப் போகும். வில்லன் இவ்வளவு பெருகினால் ஓடுகிறவர் நோயாளியாகி விழ வேண்டாமா? விழுவதில்லை. நாளாக நாளாக ஆரோக்கியம் அல்லவா கூடுகிறது?

கோபன்ஹேகனில் பென்டே க்ளார்லுண்ட் பெடர்சன் என்ற மருத்துவரின் குழு இந்தப் புதிரைக் கையில் எடுத்தது. எங்கிருந்து வருகிறது இது? வெள்ளணுவிலிருந்தா, வேறெங்கிருந்தாவதா? 2000இல் வெளியான அவர்களின் சோதனை அழகானது. ஆட்களை உட்காரவைத்து, ஒரே ஒரு காலை மட்டும் முழங்காலிலிருந்து நீட்டி மடக்கச் சொன்னார்கள். ஐந்து மணி நேரம்! மற்றக் கால் சும்மா இருந்தது. தொடைக்குள் போகும் தமனியிலும், இரண்டு தொடைகளிலிருந்து திரும்பும் சிரைகளிலும் மெல்லிய குழாய் செருகி, உள்ளே போகும் ரத்தத்தையும் வெளியே வரும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். சும்மா இருந்த காலில் வித்தியாசம் இல்லை. உழைத்த காலிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் மட்டும் இன்டர்லூக்கின்-6 கூடியிருந்தது. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே நேரம். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை: அதை வெளியிட்டது உழைக்கும் கால்தான். எலும்பை இழுத்து அசைக்கும் கயிறு என்றே நாம் நினைத்துக்கொண்டிருந்த தசை, ஒரு சுரப்பி மாதிரி ரத்தத்துக்குள் செய்தி அனுப்புகிறது. இப்படித் தசை அனுப்பும் பொருள்களுக்கு ‘மயோகைன்’ என்று 2003இல் அந்தக் குழு பெயர் வைத்தது.

அடுத்த சோதனை இன்னும் துணிச்சலானது. ஆரோக்கியமான ஆண்களுக்கு வேண்டுமென்றே எண்டோடாக்சின் ஊசி போட்டார்கள். ஆமாம், எச்.ஐ.வி உள்ளவரின் குடலிலிருந்து கசியும் அதே வகைத் துணுக்குதான். ஓய்வாக இருந்தபோது ஊசி போட்டால் டி.என்.எஃப் இரண்டு மூன்று மடங்கு ஏறியது. மூன்று மணி நேர சைக்கிள் பயிற்சியின் நடுவில், இரண்டரை மணி நேரம் மிதித்த நிலையில் ஊசி போட்டால்? டி.என்.எஃப் ஏற்றம் மட்டுப்பட்டது. அதோடு விடவில்லை. சைக்கிளே மிதிக்காமல், இன்டர்லூக்கின்-6ஐ மட்டும் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றிவிட்டு ஊசி போட்டார்கள். அப்போதும் மட்டுப்பட்டது! அழற்சிக்காரன் என்று பெயரெடுத்த மூலக்கூறு அழற்சியை அடக்குகிறது.

எப்படி? யாருடன் சேர்ந்து வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். வெள்ளணு எண்டோடாக்சினைக் கண்டு கொதிக்கும்போது முதலில் டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1 ஆகிய இரண்டையும் அவிழ்த்துவிடுகிறது. இன்டர்லூக்கின்-6 அவற்றின் பின்னால் வருகிறது. தசையில் நடப்பது வேறு. தசை சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் எழுகிறது, சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்துகொண்டே வருகிறது. ‘எரிபொருள் குறைகிறது’ என்ற அந்த அறிகுறிதான் இன்டர்லூக்கின்-6ஐக் கிளப்புகிறது. கூட்டாளிகள் இல்லாமல் தனியாக வருகிறது. வந்து கொழுப்பைக் கரைக்கச் சொல்கிறது, கல்லீரலைக் குளுக்கோஸ் வெளியிடச் சொல்கிறது, கூடவே இன்டர்லூக்கின்-10 போன்ற அழற்சி அடக்கிகளையும் எழுப்புகிறது. பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. பள்ளிக்கூட மணி நேரத்துக்கு அடித்தால் பாடம் மாறும். அதே மணி நாள் முழுக்க நிற்காமல் அடித்தால் ஊரே பதறிக்கொண்டு ஓடிவரும், இல்லையா?

ஒரு நிதானம் தேவை. அந்த ஊசிச் சோதனைக்கு உட்பட்டவர்கள் எச்.ஐ.வி இல்லாதவர்கள். எச்.ஐ.வி உள்ளவர்களிடம் பயிற்சியால் அழற்சி அளவுகள் குறைந்ததா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆகவே ‘ஓடினால் குடல் கசிவு நிற்கும்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். திட்டவட்டமாகத் தெரிந்தது வேறு. கனடாவில் டொரண்டோவின் கெல்லி ஓ’பிரையன் குழு, எச்.ஐ.வி உள்ளவர்கள் செய்யும் ஏரோபிக் பயிற்சி (நடை, ஓட்டம், சைக்கிள் போல மூச்சு வாங்கவைப்பது) பற்றிய ஆய்வுகளை வருஷக்கணக்கில் திரட்டி அலசி வருகிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒரு தடவைக்கு 20 நிமிடமாவது, குறைந்தது ஐந்து வாரம் செய்தவர்களுக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது, எடைப் பயிற்சியும் சேர்ந்தால் வலுவும் கூடுகிறது, மனச்சோர்வு குறைகிறது. சிடி4 எண்ணிக்கையும் வைரல் லோடும்? பெரிதாக மாறுவதில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாசகரின் வீட்டுப் பயத்துக்கு இந்த ஒரு வரி போதும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நல்ல செய்தி உண்டு. ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் 1967இல் எலிகளை ஓடவைத்துப் பார்த்தபோதே, பழகிய தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது தெரிந்துவிட்டது.

கூட்டு மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மயாமியில் நடந்து, 1990இல் வெளியானது. எச்.ஐ.வி பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த ஓரினச்சேர்க்கை ஆண்களில் ஒரு பகுதியினர் ஐந்து வாரம் சைக்கிள் பயிற்சி எடுத்தார்கள். அப்புறம் முடிவு சொல்லப்பட்டது. அந்தக் காலத்தில் ‘பாசிட்டிவ்’ என்றால் மரண தண்டனை. பயிற்சி எடுக்காத பாசிட்டிவ் ஆண்களிடம் பதற்றமும் சோர்வும் எகிறின, இயற்கைக் கொல்லி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் சரிந்தன. பயிற்சி எடுத்த பாசிட்டிவ் ஆண்களிடம் அப்படி நடக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் பலர் ஏன் செய்வதில்லை? சோம்பேறித்தனம் என்று முத்திரை குத்துவது எளிது. எச்.ஐ.வியின் உடல் சிரமங்கள் நிலையானவை அல்ல. ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் எழுந்திருக்கவே முடியாது. விட்டு விட்டு வரும் இயலாமை என்று ஓ’பிரையன் குழு 2008இல் இதற்கு ஒரு வரையறையே கொடுத்தது. இப்படிப்பட்டவரிடம் ‘தினமும் நடங்க’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் முதல் மோசமான வாரத்திலேயே விட்டுவிடுவார். கூடவே ஜிம்முக்குப் போனால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. வியர்வையால் எச்.ஐ.வி தொற்றாது, பொதுக் கருவிகளைத் தொட்டாலும் தொற்றாது. பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் படித்தவர்களே ஒரு அடி தள்ளி நிற்பதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

ஆகவேதான் சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி. டொரண்டோவில் ஒய்.எம்.சி.ஏ உடற்பயிற்சிக் கூடத்தில் செய்து பார்த்த திட்டம் இப்படி: ஆஸ்பத்திரி அல்ல, எல்லோரும் வருகிற சாதாரணக் கூடம். 25 வாரம், வாரத்துக்கு மூன்று முறை. வாரம் ஒருமுறை பயிற்சியாளர் கூட இருப்பார்; அந்த வாரத்து உடல்நிலையைக் கேட்டு அளவைக் கூட்டுவார், குறைப்பார். மாதம் ஒருமுறை எல்லோரும் கூடித் தூக்கம், சாப்பாடு, மருந்து பற்றிப் பேசுவார்கள். 80 பேர் தொடங்கி 67 பேர் முடித்தார்கள். உடற்பயிற்சித் திட்டங்களில் இது நல்ல கணக்கு. புத்தாண்டில் ஜிம்மில் சேர்ந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். எனக்கென்னவோ, அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஆள் இருந்ததுதான் இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

இம்மாதிரி ஆய்வுகளுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். நடைக்கும் எடை தூக்கலுக்கும் காப்புரிமை வாங்க முடியாதே! புது மாத்திரைக்கு ஆயிரக்கணக்கானோரை வைத்துச் சோதனை நடக்கிறது. பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலும் சில டஜன் பேர். இதைப் பொதுப்பணத்தில்தான் செய்தாக வேண்டும் என்பது என் கருத்து. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று பெயர்போட்டு விற்கும் பொடிகளுக்கு மட்டும் விளம்பரப் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இதயப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் ஆரம்பத்துக்குப் போதும். காய்ச்சல் நாளில் ஓய்வு. கால் மரத்துப்போகிறவர்கள் பயிற்சி முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் வந்திருப்பதே தெரியாமல் போகலாம். இடுப்பு மூட்டில் விடாத வலி இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாதீர்கள், ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அங்கே எலும்புக்கு ரத்தம் போகாமல் சிதையும் ஆபத்து எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு அதிகம்.

அப்புறம் ஜிம் பழக்கத்தோடு வரும் டப்பாக்கள். இன்று பலர் எடுக்கும் டொலுடெக்ராவிர் மாத்திரை கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் ஆகியவற்றோடு வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சரியாகச் சேராமல் போகலாம். தாது உப்பு கலந்த சத்துமாவோ மாத்திரையோ எடுப்பதாக இருந்தால், டொலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அந்த டப்பாவையே ஏ.ஆர்.டி மையத்து மருந்தாளுநரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.