எழுபது வயதுக்கு மேல் திரும்பி வரும் வியட்நாம்

கணவருக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்ற பயத்தில்தான் அந்த அம்மா அவரை அழைத்து வந்திருந்தார். கணவருக்கு எழுபத்தைந்து வயது. நாற்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாக ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து கதவுப் பூட்டுகளை இழுத்துப் பார்க்கிறாராம். உணவகத்துக்குப் போனால் சுவரோர நாற்காலிதான் வேண்டும், இல்லையென்றால் சாப்பிடாமலே திரும்பிவிடுகிறாராம். மழை பிடித்துப் பெய்தால் அன்று முழுக்கப் பேச்சே இல்லை.

நினைவாற்றல் பரிசோதனையில் பெரிதாகக் குறை எதுவும் தெரியவில்லை. அவர் தொப்பியில் கழுகும் உலக உருண்டையும் நங்கூரமும் இருந்தன. அமெரிக்காவின் மரைன் என்ற கடற்போர்ப் படையின் சின்னம். “எந்த வருஷம், எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“அறுபத்தெட்டு. கே சான்.”

மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தென் வியட்நாமில் அமெரிக்க மரைன்களின் தளமாக இருந்த கே சானை வட வியட்நாம் படை சூழ்ந்த முற்றுகை 1968 ஜனவரி 21 அன்று தொடங்கியது. முதல் நாளே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. 77 நாள் செம்மண் பதுங்குகுழி, எலி, ஓயாத பீரங்கி. சுற்றியிருந்த குன்றுகளில் இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர்கூட ஹெலிகாப்டரில்தான் வர வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கும் சத்தம் கேட்டாலே எதிர்த்தரப்பின் மோர்ட்டார் குண்டும் வந்துவிடும். இவ்வளவு உயிர் கொடுத்துக் காப்பாற்றிய அந்தத் தளத்தை அதே வருடம் ஜூலையில் அமெரிக்கப் படையே இடித்துவிட்டு வெளியேறியது. “அப்புறம் எதற்கு எங்களை அங்கே உட்கார வைத்தார்கள்?” என்று கே சான் மரைன்கள் இன்றும் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

அவர்கள் ஊர் திரும்பிய விதத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் வீரர்களில் பெரும்பாலோர் கூட்டமாகக் கப்பலில் வந்தார்கள்; வழியில் பேசி அழ நாட்கள் இருந்தன. வியட்நாமில் ஒவ்வொரு மரைனுக்கும் 13 மாதக் கணக்கு. கணக்கு முடிந்தவர் தனியாக விமானம் ஏறினார். சில நாளுக்கு முன் காட்டில் இருந்தவர் இப்போது அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருப்பார். போரை வெறுத்த ஊர் அவரிடம் எதையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பி.டி.எஸ்.டி. என்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றதே 1980இல்தான். அதுவரை அவர்களுக்குக் கிடைத்த பெயர் குடிகாரன், முன்கோபி.

சரி, ஐம்பது வருஷம் கழித்து ஏன் இப்போது? வேலைதான் அணையாக நின்றது. விடியற்காலையில் வண்டி எடுப்பவருக்கு நினைக்க நேரமில்லை. ஓய்வு பெற்றதும், நெஞ்சு அறுவை சிகிச்சை நடந்ததும், கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்ததும் அணை விரிசல் விடுகிறது. இதை முதுமை என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்காதீர்கள். பி.டி.எஸ்.டி. உள்ள முன்னாள் வீரர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்றதும் டயஸிபாம், லோரசிபாம் போன்ற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளை எழுதிக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பி.டி.எஸ்.டி.க்கு அவை பயனற்றவை, இந்த வயதில் கீழே விழவும் வைக்கும். அந்த நினைவையே பாதுகாப்பாக எடுத்துப் பேசும் சிகிச்சைகள் எழுபத்தைந்திலும் பலன் தருகின்றன.

அந்த லாரி ஓட்டுநர் சிகிச்சையின் நான்காவது மாதத்தில்தான் சொன்னார். காயம்பட்ட ஒருவனை ஸ்ட்ரெச்சரில் ஹெலிகாப்டருக்குத் தூக்கிப் போகிறார்கள். இவர் பின்பக்கம் பிடித்திருக்கிறார். குண்டு வரும் சத்தம். கைப்பிடியை விட்டுவிட்டுக் குழிக்குள் பாய்ந்துவிட்டார். அந்தப் பையன் பிழைத்தானா என்று இன்றுவரை தெரியாது. “கை தானாக விட்டுவிட்டது டாக்டர்” என்று தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன ஆறுதல் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. பிறகு குழு சிகிச்சையில், வியட்நாமில் கான் தியென் என்ற இன்னொரு போர்க்களத்தில் இருந்த ஒரு மரைன், “நானும் விட்டிருப்பேன்” என்று ஒரே வரி சொன்னார். அன்றிரவு பூட்டை ஒரு தடவைதான் பார்த்தாராம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: “யாரையாவது கொன்றீர்களா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். “எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள்?” என்று கேளுங்கள். ‘மறந்துவிடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். சர்க்கரை நோயோ பார்க்கின்சன் நோயோ இருந்தால் ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாமில் அமெரிக்கப் படை தெளித்த களைக்கொல்லி) நச்சுக்கான இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 2022 சட்டத்துக்குப் பிறகு உயர் ரத்த அழுத்தமும் அந்த இழப்பீட்டுக்கான நோய்ப் பட்டியலில் உண்டு. உயிரை விடும் பேச்சு வந்தால் உடனே அமெரிக்காவின் நெருக்கடி உதவி எண்ணான 988ஐ அழைத்து, முன்னாள் படைவீரர்களுக்கான 1ஐ அழுத்துங்கள்.

அப்புறம், அமெரிக்காவில் வாழும் நம்மவர்களிடம் ஒன்று. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க அனுமதி உள்ள ஊர்களில், பக்கத்து வீட்டில் இப்படி ஒரு தாத்தா இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே கதவைத் தட்டி, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எதிர்பாராத வெடிச்சத்தம்தான் அவர்களை உலுக்கும். முன்பே தெரிந்தால், அன்று மாலை மகள் வீட்டுக்குப் போவதா, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.