துர்செல் லுங்: பிள்ளையை வெளியே தள்ளும் காற்று

திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவில் பிரசவம் பற்றிப் பேச்சு எடுத்தால் கூடவே வரும் சொல் ‘துர்செல் லுங்’. இந்தத் ‘துர்’ நம் துர்நாற்றத்தில் வரும் துர் இல்லை. திபெத்திய மொழியில் ‘கீழ்நோக்கி’ என்று பொருள். ‘செல்’லும் நம் செல் இல்லை, ‘நீக்கு, போக்கு’ என்பதே அதன் பொருள். (இதை வைத்துத் தமிழும் திபெத்தியமும் ஒரு தாய் மக்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) லுங் என்றால் காற்று. இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

உடம்பில் லுங் ஐந்து வகை. அதில் துர்செல்லின் இருப்பிடம் குதம். பெருங்குடல், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு, தொடை என்று இடுப்புக்குக் கீழேதான் நடமாட்டம். மலம், சிறுநீர், விந்து, மாதவிடாய், கரு ஆகியவற்றை அடக்கி வைப்பதும் வெளியேற்றுவதும் அதன் வேலை. பிள்ளைப்பேறு இந்தக் காற்றின் கணக்கில் வருவது அதனால்தான்.

லுங் கெட்டால் வைத்தியம் சூடும் நெய்ப்பும்: எலும்புச் சாறு, வெண்ணெய், அப்புறம் ‘ஹோர்மே’. சாதிக்காய் போன்றவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து, சூடான எண்ணெயில் தோய்த்து உடம்பில் ஒற்றுவார்கள். நம் ஒத்தடமேதான். பிரசவத்துக்கென்றே ‘ஷிஜே 11’ என்ற மருந்தும் உண்டு. ஷிஜே என்றால் ‘தணிப்பது’, 11 என்பது சரக்குகளின் எண்ணிக்கை. லாசாவில் 3 மருத்துவமனைகளில் 960 பெண்களிடம் இதை, பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைத் தடுக்கும் நவீன மருந்தான மிசோப்ரோஸ்டாலோடு ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனது மிசோப்ரோஸ்டால் எடுத்தவர்களிடம்தான் குறைவு.

சரி, சொல்லுக்கு வருவோம். மூலம் சமஸ்கிருத ‘அபானம்’: அப என்றால் விலகி, அன் என்றால் மூச்சுவிடு. வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தை 11-ஆம் நூற்றாண்டில் ரின்சென் சாங்போ திபெத்தியத்தில் பெயர்த்தார். திபெத்திய மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஒலியை அப்படியே தூக்கிப் போடாமல் பொருளைச் சொல்வார்கள். துர்செல்லும் அந்த வகை.

நம் சித்த மருத்துவமும் அதையே செய்திருக்கிறது. அபானனுக்கு அங்கே ‘கீழ்நோக்குங்கால்’ என்று பெயர். கால் என்றால் காற்று. காற்று என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அருமையான சொல், ஆனால் இன்றைய வாசகர் பாதத்தைத் தேடுவார். ‘வாயு’ என்று எழுதினாலோ கடலைப்பருப்பு தின்ற வயிறு ஞாபகம் வரும். ‘கீழ்நோக்கு வளி’ என்பது என் தேர்வு. ‘நோக்கு’ திசையை மட்டும் சொல்கிறது, செல்லின் தள்ளும் வேலை விட்டுப்போகிறது என்பது உண்மைதான். ‘கீழ்ப்போக்கு வளி’ இரண்டையும் பிடிக்கும். பிடித்தாலும், ‘போக்கு’ என்றதும் வயிற்றுப்போக்கு முந்திக்கொள்கிறதே!