ஒளிராத டயல் ஓய்ந்துபோன டயல் அல்ல

சென்ற வாரம் ஒரு தந்தையும் அவருடைய மகளும் எங்கள் அருங்காட்சியகப் பணிக்கூடத்துக்கு வந்து, மலைச்சரிவில் நடந்துபோகும்போது கிடைத்தது என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் மேசைமேல் வைத்தார்கள். உள்ளே இரண்டாம் உலகப் போர்க்கால விமானமொன்றின் உயரமானி இருந்தது. அதன் கண்ணாடி கழற்றப்பட்டிருந்தது; எண்களின்மேல் பொருக்குத் தட்டியிருந்த பழுப்புநிறப் பூச்சை வீட்டுச் சமையலறையில் வைத்துக் கத்திமுனையால் சுரண்டி எடுத்ததாக அவர் பெருமையோடு சொன்னார். கதிர்வீச்சுமானியை டப்பாவின் அருகே கொண்டுபோனதும் அது விடாமல் படபடக்கத் தொடங்கியது. டப்பாவின் மூலைகளில் தங்கியிருந்த பழுப்புத் தூள் அந்தச் சிறுமியின் நகக்கண்களிலும் இருந்தது.

இந்த ஆண்டில் இப்படி வந்த முதல் பொருள் இதுவென்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் நான் கேட்கும் விளக்கம் ஒன்றுதான்: "இருட்டில் வைத்துப் பார்த்துவிட்டோம், ஒளிரவில்லை, ஆகவே இதில் ரேடியம் கிடையாது."

இது முற்றிலும் தவறு. இருட்டிலும் எண்கள் தெரிய வேண்டும் என்று அக்கால டயல்களில் பூசிய அந்தப் பூச்சில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. கதிரியக்கத் தனிமமான ரேடியம் இடைவிடாமல் கதிர்களை வீசுகிறது. அந்தக் கதிர்கள் படும்போது ஒளிர்வது அதனோடு சேர்த்த துத்தநாக சல்பைடு. ஓயாத அந்தத் தாக்குதலில் துத்தநாக சல்பைடின் படிகங்கள் காலப்போக்கில் சிதைந்து, ஒளிரும் திறனை இழந்துவிடுகின்றன. ரேடியத்துக்கோ பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். போர் முடிந்து கடந்திருக்கும் 80 ஆண்டுகளில் அது இழந்தது நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. திரி கருகிப்போனதால் விளக்கு எரியவில்லையே தவிர, அகலில் எண்ணெய் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரு டயல் இருட்டில் ஒளிர்கிறதா என்று பார்ப்பது எதற்கும் சோதனை ஆகாது. பழுப்பேறிப் பொரிந்து உதிரும் நிலையில் உள்ள பூச்சைக் கண்டுதான் என்னைப் போன்றவர்கள் அதிகம் அஞ்சுகிறோம். கண்ணாடி உடையாத டயலை ஒரு கணம் தொட்டவர் பதற வேண்டியதில்லை. மூச்சிலும் வாயிலும் போகும் தூள்தான் ஆபத்து, ஏனெனில் உடல் ரேடியத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

ஸ்காட்லாந்தின் டல்கெட்டி பே கடற்கரையில், போருக்குப் பின் விமானங்களை உடைத்து, அவற்றின் டயல்களை எரித்த சாம்பலைக் கரையோரம் கொட்டினார்கள். அங்கே கதிரியக்கம் இருப்பது 1990-இல் கண்டறியப்பட்டது. கரையைச் சீர்செய்யும் பணி 2023-இல்தான் முடிந்தது. எரித்தாலும் புதைத்தாலும் ரேடியம் போய்விடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வெடிபொருள்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இத்தனை காலம் மண்ணில் கிடந்த தோட்டா நமத்துப்போயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் பலவற்றுக்குள் வெடிமருந்து உண்டு. குண்டை வெடிக்கத் தூண்டும் விசைமுனை துருவேறியிருந்தால் முன்னைவிட எளிதாகவே தூண்டப்படலாம். 1942-இல் காணாமற்போய், 2012-இல் எகிப்தியப் பாலைவனத்தில் ஏறத்தாழ முழு உருவோடு கிடைத்த கிட்டிஹாக் விமானத்திலிருந்து தோட்டாக்களை அகற்றியது ராணுவம்.

கிடைத்ததை அங்கேயே விடுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு ஆபத்து மட்டும் காரணமல்ல. 'லேடி பி குட்' என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் 1943 ஏப்ரலில் காணாமற்போனது. 1958-இல் எண்ணெய் தேடிச் சென்றவர்கள் அதை லிபியப் பாலைவனத்தில் கண்டார்கள். அதில் பறந்த ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்திருந்தனர். உயிர்பிழைத்து வடக்கு நோக்கி நடந்தவர்கள், பாராசூட் துணிகளைக் கல்வைத்து அழுத்தி, தாங்கள் போன திசையை அம்புக்குறிகளாகக் காட்டிவிட்டுச் சென்றிருந்தார்கள். தேடிச் சென்றோர் அந்தக் குறிகளைப் பின்தொடர்ந்தார்கள். 1960-இல் எட்டுப் பேரின் உடல்கள் கிடைத்தன. இடையில் யாரோ ஒருவர் நினைவுப்பொருளாக இருக்கட்டும் என்று அந்தத் துணிகளைச் சுருட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் கையில் எடுக்கும் தகடும் யாரோ ஒரு குடும்பம் இன்னும் காத்திருக்கும் விடையாக இருக்கலாம்.

கிடைத்த பாகத்தை உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள்! பிரிட்டிஷ் பாகமென்றால் பெரும்பாலும் ஒரு சிறு கிரீடமும் அதன்கீழ் விமான அமைச்சகத்தைக் குறிக்கும் ஏ.எம். என்ற எழுத்துகளும் பதிந்திருக்கும். பக்கத்தில் பாக எண் இருக்கும். அந்தப் பதிவுகளின் ஆழம் ஒரு நகக்கீறல் அளவுதான். அலுமினியத் தகட்டைப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து, 'இது எந்த விமானம்?' என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. பதில் அந்தத் தூளோடு போய்விட்டது. கடலில் கிடைத்த பாகம் வேறு சிக்கல்: வெளியே எடுத்து உலரவிட்டால் உள்ளே ஊறிய உப்பு உலோகத்தைத் தின்றுவிடும். 2013-இல் ஆங்கிலக் கால்வாயிலிருந்து மேலே கொண்டுவந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானமான டோர்னியர் 17-ஐ, இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் கூடாரமிட்டு, சிட்ரிக் அமிலக் கரைசலைத் தொடர்ந்து தெளித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதை வீட்டுத் தொட்டியில் செய்துவிட முடியாது.

சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்து கிடக்கும் ராணுவ விமானம் எதையும் உரிமமின்றி அகழ்வதோ நகர்த்துவதோ குற்றம். கடலில் மூழ்கிய அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு 2004-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மற்ற நாடுகளில் என்ன விதி என்பதைக் கை வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, கண்டால் தொடாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வந்த வழியே திரும்பிக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். எலும்போ துணியோ காலணியோ தென்பட்டால் அதற்குமேல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தயவுசெய்து அந்த டயலைத் திறக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், பழைய இரும்புக்கும் விற்காதீர்கள். உறுதியான பையில் இட்டு மூடி, ஆட்கள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிகளை அழையுங்கள். சுரண்டியிருந்தால் அந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். அறையைச் சாத்திவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அழையுங்கள்.

அந்தச் சிறுமியின் கைகளை நகத்தூரிகையால் மூன்று முறை கழுவிய பிறகுதான் கதிர்வீச்சுமானி அடங்கியது. உயரமானி எங்கே கிடந்தது என்று அவள் தந்தையிடம் கேட்டபோது அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள்தான் தன் கைபேசியை நீட்டினாள். தந்தை அதை எடுப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில், பாறைக்கு அடியில், வளைந்த தகடு ஒன்று தெரிகிறது. அதில் வரிசையாக ஆணித் துளைகள் உள்ளன. அந்தப் படத்தை உரியவர்களுக்கு அன்றே அனுப்பிவிட்டேன்.