மனச்சோர்வு: ‘டிப்ரஷனுக்கு’ ஏற்ற தமிழ்

பெரம்பூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா மூன்று வாரமாக வாசலில் கோலம் போடவில்லை. தண்ணீர் தெளிப்பார், கோலமாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால், “எதுலயும் ஒரு பிடிப்பே இல்லம்மா” என்பார். வீட்டிலோ, “மன அழுத்தம்தான், நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா” என்றார்கள். போய் வந்தார். டப்பா திறக்கவே இல்லை.

டிப்ரஷனை ‘மன அழுத்தம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். வேர் பார்த்தால் தப்பில்லை. ‘டிப்ரஷன்’ என்ற ஆங்கிலச் சொல் கீழே அழுத்துவதைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்தது. ஆனால் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதே தமிழைத்தான் வைத்திருக்கிறோம். கடன், பரீட்சை, ஆபீஸ் என வரும் ஸ்ட்ரெஸ், பாரம் இறங்கினால் பெரும்பாலும் தணியும். டிப்ரஷனுக்கு லீவு மருந்தாகாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் அக்காவை ஊருக்கு அனுப்பினார்கள்.

‘மனச்சோர்வு’தான் பொருத்தம். சோர்தல் என்றால் தளர்தல், வாடுதல், நழுவுதலும்கூட. “பிடிப்பு இல்லை” என்று அக்கா சொன்னது இந்த நழுவலைத்தான். குறள் 531-இல் சோர்வுக்கு மறதி என்று பொருள். மனச்சோர்வு வந்தவர்களுக்கும் கவனம் சிதறும், ஞாபகம் தப்பும். தூக்கம், பசி கெடும்; சிலருக்கு இரண்டுமே அதிகமாகும். தன்மீதே வெறுப்பு வரும், சாவைப் பற்றிய எண்ணமும் வரலாம். வருத்தமோ பிடிப்பின்மையோ இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பரம்பரை, இழப்பு, பிரசவம், தீராத நோய் என்று காரணங்கள் பல பின்னிக் கிடக்கும். சோம்பேறித்தனம் அதில் இல்லை.

தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும் என்பதால் அக்காவுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அப்புறம் பேச்சு சிகிச்சை, மாத்திரை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். தேறியதும் நாமாக நிறுத்தக் கூடாது.

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. அந்த வசவுக்குப் பயந்தே அக்கா இவ்வளவு நாள் தள்ளிப்போட்டார். நேரில் போகத் தயங்குபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.